சிவகாமி, அனுஷ நட்சத்திரம்

10.11.59, செவ்வாய்

காலையிலிருந்து சிங்கப்பூர் முழுக்க மழை. ஜாலான் புசாரில் முழங்கால் தண்ணீர். சைக்கிளைக் கீழே இரும்புக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் விட்டுவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தே தபாலாபீஸ். பத்து நிமிடம் தாமதம். மேலதிகாரி பெரிய கிராணி கடிகாரத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், தன் வேலையைப் பார்த்தார்.

சிவகாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஒன்பது நாள். இந்த நோட்டு வாங்கியதே டாக்டர் சொல்வதைக் குறித்து வைக்கத்தான். இதுவரை சொன்னது:

கிட்னி இரண்டும் கெட்டிருக்கிறது.
உப்பு கூடவே கூடாது.
தண்ணீர் அளந்துதான். போகிற நீரையும் அளப்பார்கள்.
"பார்ப்போம்."

கடைசியில் உள்ளதைத் தினமும் சொல்கிறார். மற்றதெல்லாம் ஒரு தடவைதான்.

பக்கத்து அறை லெட்சுமி அக்கா கஞ்சி வைத்துத் தருகிறார். உப்பில்லாமல் ஒரே பானை. அதே கஞ்சிதான் எனக்கும் மகள் மல்லிகாவுக்கும். ஒன்பது வயசுப் பிள்ளை, ஊறுகாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சி.யின் முகம் இன்று கொஞ்சம் வடிந்த மாதிரி. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. (இனி சி. என்றே எழுதுகிறேன். நாள் முழுக்க எழுதிய கை வலிக்கிறது.)

13.11.59, வெள்ளி

வேலை முடிந்து நேரே கோயில். வழியில் தேக்கா சந்தையில் பூ, பழம், ஒரு தேங்காய். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். அழுகல் தேங்காய் உடைந்தால் அதை வேறு நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

கல்யாணமாகி சி. கப்பலில் வந்து இறங்கிய வாரத்திலிருந்து வெள்ளி தவறாமல் அவள் பெயருக்கு அர்ச்சனை. பதினோரு வருஷம். அப்போது வழக்கத்துக்குச் செய்தேன். இப்போது பயத்துக்கு.

ஐயருக்கு எங்களை நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்பார். "சிவகாமி, அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி." பெயரும் நட்சத்திரமும் சரியாகச் சொல்லாமல் அர்ச்சனை எப்படிப் போய்ச் சேரும்? நிறுத்தி, உரக்கச் சொல்வேன். தொழில் புத்தி. விலாசம் பிசகினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் லெட்சுமி அக்கா. வழக்கம்போல, "சாமி பேருக்கே பண்ணிடுங்க." யார் பெயரும் சொல்லாமல் சாமியின் பெயருக்கே சாமியிடம் அர்ச்சனை. நட்சத்திரம் வேண்டியதில்லை. தபாலாபீசுக்கே தபால் போடுகிறீர்களே அக்கா என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போய்க் கிடக்கிறார், அவர் பெயருக்குச் செய்யக்கூடாதா? அக்கா சிரிப்பதோடு சரி.

முருகா, இவளை எழுப்பி உட்கார வை. வேறு ஒன்றும் கேட்கவில்லை. (மல்லிகா பரீட்சை தவிர.)

15.11.59, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு மல்லிகாவும் வந்தாள். வார்டில் பினாயில் நெடி. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெண்மணியின் வீட்டார் பாய் விரித்து உட்கார்ந்து பழம் உரிக்கிறார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு ரம்புத்தான்.

சி. படுத்தபடியே வீட்டை நடத்துகிறாள். பால்காரரிடம் ஒரு போத்தல் போதும் என்று சொல்லியாயிற்றா. மல்லிகாவின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசினீர்களா. மாடத்து விளக்கில் நேற்றைய திரியையே ஏற்றினீர்களா. மூன்றாவதற்கு ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள், பாதியில் கை விழுந்துவிட்டது. வளையல் வீங்கிய மணிக்கட்டில் இறுகிப் பதிந்திருக்கிறது.

மல்லிகா அம்மாவின் காலை அமுக்கிப் பார்த்தாள். குழி. குழி நிரம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

16.11.59, திங்கள்

ஊர்க் கப்பல் வந்திருக்கிறது. மூட்டை மூட்டையாகத் தபால். என் வேலை இதுதான்: தமிழில் விலாசம் எழுதிய கடிதங்கள் என் மேஜைக்கு வரும். அதன்மேல் சிவப்பு மசியில் இங்கிலீஷில் எழுதித் தபால்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். இன்று வந்தவற்றில் சில:

தேக்கா, ஆட்டுக்கறிக் கடை முத்து, சிங்கப்பூர்.
என் தம்பி காளியப்பனுக்கு, கப்பல் பட்டறை. (எந்தப் பட்டறை, எந்தக் காளியப்பன்.)
மாமா அவர்கள், பால்காரர் வீட்டு மாடி, மலாயா.

மூன்றும் இன்றே பட்டுவாடாவுக்குப் போயின. மாமாவைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு மணி நேரம். ஊர் முத்திரையைப் பார்த்து, அந்த ஊர்க்காரர்கள் எங்கே கூடுவார்கள் என்று யோசித்து, பஃபலோ ரோட்டுத் தபால்காரரைக் கேட்டு, கிடைத்துவிட்டார். திருப்பி அனுப்பும் முத்திரையை நான் வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டால் அதிகம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அடுத்த மேஜை செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், காத்தோங்கிலிருந்து வருகிறார். வெள்ளைச் சட்டையில் ஒரு நாளும் மசிக் கறை கிடையாது. அவர் சர்ச்சிலும் சி.க்காக ஜெபம் செய்கிறார்களாம். நட்சத்திரம் எழுதித் தரட்டுமா என்றேன். "எங்களுக்குப் பேர் மட்டும் காணும்," என்றார். (அவர் ஊர்ப் பேச்சில் போதும் என்று அர்த்தம்.) இருவரும் சிரித்தோம். சி.யைச் சேர்த்த பிறகு நான் சிரித்தது இன்றுதான்.

மாலை சி. பாதிக் கஞ்சி. அதுவும் வயிற்றில் தங்கவில்லை.

18.11.59, புதன்

எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

சி. இன்று தெளிவாக இருந்தாள். மல்லிகாவை வராந்தாவில் போய் உட்காரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அர்ச்சனை விபூதியில் மிச்சம் இருந்ததை அவள் நெற்றியில் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அது எனக்கு இல்லீங்க."

எது என்றேன்.

"நான் அனுஷம் இல்ல. மூலம்."

பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனார் உயிருக்கு ஆகாது என்று மூன்று வரன் தட்டிப் போயிற்றாம். நாலாவதாக என் ஜாதகம் வந்தபோது அவள் அப்பா ஜோசியரைப் பிடித்துப் பிறந்த தேதியை இரண்டு நாள் முன்னால் தள்ளி எழுத வைத்துவிட்டார். மூலம் அனுஷமாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். நான் தாலி கட்டும்போதும் அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் வைகாசியில். அடுத்த மாதமே நாங்கள் இருவரும் கப்பல் ஏறிவிட்டோம். என் அப்பா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து தந்தி வந்தது அந்தக் கார்த்திகையில். ஆறு மாதம்.

"உங்க அப்பாவ நான்தாங்க கொன்னுட்டேன். அதான் எனக்கு இப்படி."

பார்வை நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது. நர்ஸ் வந்து எழுப்பினாள். நான் எழுந்து வந்துவிட்டேன். விபூதிப் பொட்டலம் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

20.11.59, வெள்ளி

நேற்றும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, இன்றும் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. லெட்சுமி அக்காவையும் மல்லிகாவையும் கஞ்சியோடு அனுப்பினேன். ஓவர்டைம் என்று சொன்னேன். பொய்.

கோபம். யார்மேல்?

சி.யின் அப்பாமேல். (அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.)
ஜோசியர்மேல்.
சி.மேல். பதினோரு வருஷம் பக்கத்திலேயே இருந்துகொண்டு.
என்மேலும். ஏன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இத்தனை வெள்ளிக்கிழமை நான் உரக்கச் சொன்னதெல்லாம் அனுஷத்தில் பிறந்த யாரோ ஒரு சிவகாமிக்குப் போயிருக்கிறது. அவள் எங்கேயோ கல்லுக்குண்டாய் நடமாடிக்கொண்டிருப்பாள். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

செல்லத்துரையின் ஒரே மகன் பதினைந்து வயசில் போனவன். சர்ச் முழுக்க மண்டியிட்டும் பிழைக்கவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் போகிறார். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்டதில்லை, இன்று கேட்டேன். ஏன் போகிறீர்கள்?

"போகாட்டில் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

கடிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். தலை நிமிரவில்லை.

மல்லிகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னது: "அப்பா ஏன் வரலன்னு அம்மா கேக்கவே இல்லப்பா."

22.11.59, ஞாயிறு

அப்பாவின் திதி. கார்த்திகை, தேய்பிறைச் சப்தமி. குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பின்பக்கச் சந்தில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நின்றேன். காக்கை வர நேரமாயிற்று.

நிற்கும்போது கல்யாணப் பந்தல் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க அப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் கேட்டதற்கு, ஓமப்புகை ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொன்னாள். புகையில்லை, இரத்தம். வருஷம் தாங்காது என்று கும்பகோணத்து டாக்டர் மாசி மாதமே சொல்லிவிட்டார். அதனால்தானே எனக்கு அவசரக் கடிதம் போட்டுச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்து வைகாசியில் முடித்தார்கள். நோய்க்கார வீடு என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? எனக்கும் தெரியும். உள்ளே போய்த் துண்டை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தவனே நான். தந்தி வந்த அன்று திடீர்க் காய்ச்சல் என்று சி.யிடம் சொன்னதும் நான்தான்.

அவர்கள் நட்சத்திரத்தை ஒளித்தார்கள். நாங்கள் சாகக் கிடந்த மனுஷரை ஒளித்தோம். அவள் தான் ஒளித்ததை நினைத்து நினைத்துப் பதினோரு வருஷம் உருகியிருக்கிறாள். நானோ ஒளித்ததையே மறந்துபோனேன்.

இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாலை போனேன். என்னைப் பார்த்ததும் அழுதாள். உன்மேல் கோபமில்லை என்று மட்டும் சொன்னேன். பெரிய மனசுக்காரன் போல அவளை மன்னித்தேன். அவள் படுத்தபடியே என்னைக் கும்பிட்டாள். வெட்கக்கேடு.

24.11.59, செவ்வாய்

மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. விலாசம் தப்பென்று தெரிந்தால் நான் என்ன செய்வேன்? திருத்தி அனுப்புவேன். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அவருக்குப் போய்ச் சேர்ந்தால்தானே கேட்பார். வரும் வெள்ளி மூலம் என்றே சொல்லப் போகிறேன். பகல் முழுக்க இதே நினைப்பு. காளியப்பன் கடிதம் ஒன்றை வேறு காளியப்பனுக்கு எழுதி, நல்லவேளை, கட்டு போகுமுன் பிடித்தேன்.

சி.யிடம் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழுந்தால் தேக்கா முழுக்கத் தெரிந்துவிடுமே என்று பயம். பிறகு ஒன்று சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு தான் போகும்போது ஒரு நாளும் தன் பெயரைச் சொன்னதில்லையாம். சாமி முன்னால் அனுஷம் என்று பொய் சொல்ல வாய் வராது, மூலம் என்று நிஜம் சொல்லத் தைரியம் கிடையாது.

"சாமி பேருக்குத்தான் பண்ணச் சொல்வேன். எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல. லெட்சுமி அக்கா என்கிட்டேருந்துதான் புடிச்சாங்க."

ஒன்றும் கேட்காமல் பதினோரு வருஷமா? பின்னே எதற்குப் போனாய் என்றேன்.

"சும்மா பாத்துட்டு வருவேன்."

லெட்சுமி அக்காவை நான் கிண்டல் செய்ததையெல்லாம் இவள் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அப்பா விஷயம் இன்றும் சொல்லவில்லை. மல்லிகா பக்கத்தில் இருந்தாள். (சாக்கு.)

27.11.59, வெள்ளி

"சிவகாமி, மூல நட்சத்திரம், தனுசு ராசி."

ஐயர் தட்டோடு நின்றுவிட்டார். அனுஷம் என்றல்லவா சொல்வீர்கள் என்று கேட்டார். இத்தனை நாளும் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை. வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய், மூலம் என்றே சொல்லி, வழக்கத்தைவிட நிதானமாகச் செய்தார். மணியடித்தபோது, இந்தத் தடவை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

கோயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையும். சி. இன்று விபூதிக்கு நெற்றியைக் காட்டினாள்.

30.11.59, திங்கள்

இரண்டு நாளாக நீர் நன்றாகப் போகிறது. நர்ஸ் அளவு எழுதிய அட்டையைக் காட்டினாள். வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிகிறது. அந்த எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கூச்சமாயிருக்கிறது விடுங்க என்றாள். டாக்டர் இன்று "பார்ப்போம்" சொல்லவில்லை. "நாட் பேட்" என்றார்.

வரும் வழியில் மல்லிகாவுக்கு ஐஸ் கச்சாங், எனக்குக் கோப்பி. செய்ய வேண்டியவை:

சி.க்கு மாடி ஏற முடியாது. கீழே தவுக்கேயிடம் பின் அறை கேட்க.
எலுமிச்சம்பழம் (உப்பில்லாத சமையலுக்கு).
மஞ்சள் சேலை சலவைக்கு. அதைத்தான் கட்டிக்கொண்டு வருவாள்.
தைப்பூசத்துக்குப் பால்குடம், நானே எடுக்க.

மூலம்தான். எல்லாம் அதில்தான் இருந்திருக்கிறது. செல்லத்துரையிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார். ஆனால் என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

அப்பா விஷயம்: அவசரமில்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்.

3.12.59, வியாழன்

ஆபீசில் கிறிஸ்மஸ் அட்டைகள் மலை மாதிரி. நிஜமாகவே ஓவர்டைம். நீர் நேற்று பாதியாகிவிட்டது. இன்று அதிலும் பாதி. வாந்தி. என்னைப் பார்த்து மல்லிகா எங்கே என்றாள். மல்லிகா என் பக்கத்தில்தான் நின்றாள்.

டாக்டர் "பார்ப்போம்" கூடச் சொல்லவில்லை.

4.12.59, வெள்ளி

கோயில். மூலம் என்று உரக்கச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இன்னொரு சீட்டு வாங்கி மறுபடி வரிசையில் நின்று மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை போனபோது ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும். கேட்டாச்சு," என்றார்.

கேட்டாச்சு என்பதுதான் இப்போது எனக்குத் தாங்கவில்லை. விலாசம் தப்பு என்றால் சாமிமேல் குற்றமில்லை. சரியாகப் போய்ச் சேர்ந்து, அவரும் படித்துவிட்டு, அப்புறமும் இப்படி என்றால்? அனுஷமாகவே இருந்திருக்கலாம். இதை நான் நோண்டியிருக்கக் கூடாது.

6.12.59, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கண் மூடியபடிதான் இருந்தாள். முகம் மறுபடி வீங்கி இமை பிரியவில்லை. காதருகே குனிந்து, துண்டு, இரத்தம், கும்பகோணத்து டாக்டர் மாசியில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். உன் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அப்பாவுக்கு நாள் குறித்தாயிற்று, உன்னால் இல்லை என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

காதில் விழுந்ததோ இல்லையோ என்று நினைத்தேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஏதோ வாங்க மறந்து வந்தவனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு என் கையைத் தேடி எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. நர்ஸ் பார்த்துவிட்டு, என்னை எழுப்பாமல் போய்விட்டாள்.

8.12.59, செவ்வாய்

சிவகாமி. காலை ஆறே கால்.

9.12.59, புதன்

அஸ்தியைக் கடலில் கரைத்தாயிற்று. படகில் நானும் லெட்சுமி அக்கா வீட்டுக்காரரும். முதுகு வலியோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தவை: வளையல் நாலு (அறுத்து எடுத்தது). சீப்பு. பிளாஸ்க். சின்னத் துண்டு. தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம் இரண்டு, மூலத்துக்குச் செய்தவை.

13.12.59, ஞாயிறு

மழை. வீடு நிறைய ஆள். வந்தவர்கள் சொன்னவை:

"சுமங்கலியாப் போயிட்டாங்க."
"சாமிக்குப் புடிச்சவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு."
"பொம்பளப் புள்ளைய நெனச்சு மனசத் தேத்திக்குங்க."

நாலாவது ஒன்று படிக்கட்டில் கேட்டது. இரண்டு பெண்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், "மூலமாமே, மறைச்சுக் கட்டிக் குடுத்தாங்களாம். மாமனார முழுங்கிட்டுத்தான் வந்திருக்கா," என்றாள். என் உரத்த குரல் செய்த வேலை. சி. பயந்தது இதற்குத்தான்.

பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன். என் அப்பாவுக்கு அப்போதே நுரையீரல் போய்விட்டது, அதை மறைத்துத்தான் நாங்கள் பெண் எடுத்தோம், ஏமாற்றியது நாங்கள் என்று, மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். கீழே தவுக்கே தமிழ் புரியாமல் அண்ணாந்து பார்த்தார். பதினோரு வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை யார் யாருக்கோ சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

செல்லத்துரை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் மனப்பாரமாவது இறங்கியதே, அதையும் ஒரு பதிலாக நினையும் என்றார். நல்ல மனுஷர். ஆனால் என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. நான் கேட்டது அது இல்லை.

அக்கா ரசம் வைத்துக் கொடுத்தார், உப்புப் போட்டு. மல்லிகா ஒரு வாய் வைத்துவிட்டுக் கரிக்கிறது என்றாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

23.12.59, புதன்

பதினாறாம் நாள் காரியத்தை ஒரு நாள் முன்னதாக நேற்றே முடித்தாயிற்று. வேலைக்குப் போனேன். மேஜையில் பதினைந்து நாள் கடிதம். எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் சுலபமானதை எல்லாம் எழுதிவிட்டு, புரியாததை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

நடுவில் ஒன்று. சிவகாமிக்கு, அவள் அம்மா கையெழுத்து. நான் தந்தி கொடுப்பதற்கு முன்பு போட்டது. நீட்டி நீட்டி எழுதும் அந்த எழுத்து. விலாசத்தில் ஒரு பிசகும் இல்லை; பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கென்று ஒதுக்கியிருப்பார்.

பிரித்துவிடலாம், என் வீட்டுக் கடிதம்தான். திருப்பி அனுப்பும் முத்திரையும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் செய்யவில்லை. சிவப்பு மசியில் எங்கள் வீட்டு விலாசத்தை எழுதிக் கட்டில் போட்டேன். மாலை நான் வீட்டுக்குப் போனபோது வந்திருந்தது. மல்லிகா வாங்கி மாடத்தில் விளக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். யாரும் பிரிக்கவில்லை.

25.12.59, வெள்ளி

கிறிஸ்மஸ், லீவு. மழை விட்டிருந்தது. செல்லத்துரை சர்ச்சில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்.

கோயிலுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். எதற்குப் போக? மல்லிகா தானே சடை பின்னி, ஒரு பக்கம் தூக்கலாக, பாவாடை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். இன்னைக்கு வெள்ளிக்கிழமைப்பா என்றாள். இல்லையென்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பூ, பழம், தேங்காய். தேங்காயை ஆட்டிப் பார்க்காமல் வாங்கினேன்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு என்று தணிந்த குரலில் கேட்டார். வாய் தானாகச் சிவகாமி என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன். இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை. மல்லிகா பெயருக்குச் செய்யலாம். ரோகிணி. அது சரியான நட்சத்திரம், பிறந்தபோது கடிகாரத்தைப் பார்த்தவனே நான். ஆனால் மறுபடி ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பயமாயிருந்தது.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றேன்.

ஐயர் நட்சத்திரம் கேட்கவில்லை. உள்ளே போனார்.

மல்லிகா என் விரலைப் பிடித்துக்கொண்டு, அம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க என்றாள். சொல்லிவிட்டு அப்புறம் என்ன செய்வாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டாங்கப்பா. சும்மா நிப்பாங்க."

முருகனைப் பார்த்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. மணியடித்து முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றோம்.